தொப்புள்கொடியில் தொடங்கும் துயரம்

பிள்ளை பிறந்த இல்லத்தில் முதல் வாரம் முழுவதும் பாட்டியின் கண் ஓரிடத்தின் மேலேயே இருக்கும். தொப்புள்கொடி காய்ந்துவிட்டதா, விழுந்துவிட்டதா என்று நாள்தோறும் காலையில் துணியை விலக்கிப் பார்ப்பார். அது விழுந்துவிட்டால் ஒரு கண்டம் கடந்தது போன்ற நிம்மதி. ஆனால் கொடி விழுந்த இடத்தில் இரத்தம் துளிர்த்து, துடைத்தால் நின்று, மறுநாள் மீண்டும் கசிந்து, மூன்றாம் நாளும் துணியை நனைத்தால் அவ்வீட்டார் என்ன செய்வார்கள்? மஞ்சள் வைப்பார்கள், வசம்பு சுட்டு வைப்பார்கள், திருஷ்டி கழிப்பார்கள், பின்னரே மருத்துவரை நாடுவார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் ஓர் ஊரில், இப்படியொரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். இது நாம் விளக்கத்திற்காகக் கற்பித்துக்கொண்ட வீடுதான். எனினும் இத்தகைய வீடுகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. அவ்வீட்டு மருமகள் தன் தாய்மாமனையே மணந்தவள். ஆகவே மாமியார் அவளுக்கு அயலார் அல்லர், அவளுடைய அம்மாச்சியே. முதற்குழந்தை இரண்டு வயதில் கட்டிலிலிருந்து விழுந்தது. அன்று நன்றாக விளையாடியது. மறுநாள் வாந்தி எடுத்து, மயங்கி, மாலைக்குள் இறந்துவிட்டது. “காற்றுக் கருப்பு” என்றது ஊர். இப்போது இரண்டாவதாகப் பிறந்த பெண்குழந்தைக்குக் கொடி விழுந்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. மருத்துவமனையில் சோதித்தார்கள், எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். சோதனையில் குறை இல்லை என்றதும் குறையை எங்கே தேடுவது? “உன் ராசிதான் பிள்ளைகளைத் தின்கிறது” என்று அம்மாச்சியே பேத்தியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தாயின் மேல் குற்றமில்லை. அக்குழந்தைக்கு வந்திருப்பது பெயருடைய ஒரு நோய். கண்டுபிடிக்க வழியுள்ள நோய். கட்டுப்படுத்த மருந்துள்ள நோய். மருத்துவ உலகம் அதனைப் பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைவு என்று அழைக்கிறது. அந்நோயின் காரணங்களையும் அறிகுறிகளையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

இரத்தம் உறைவது எப்படி?

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதனை விளக்க அணையை விடச் சிறந்த உவமை வேறில்லை. 1895-ஆம் ஆண்டு முதல் நமக்குத் தண்ணீர் தரும் பெரியாற்று அணை, கல்லாலும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையாலும் எழுந்தது. கல்லை மட்டும் அடுக்கியிருந்தால் அது ஒரு வெள்ளத்தைக்கூடத் தாங்கியிராது. கல்லோடு கல்லைப் பிணைத்த அந்தச் சாந்துதான் அதனை அணையாக்கியது.

உடலிலும் இவ்வாறே நடைபெறுகிறது. இரத்தக் குழாய் அறுபட்டவுடன் முதலில் அக்குழாய் தானே சுருங்குகிறது. அடுத்து இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஓட்டையை அவசரமாக அடைக்கின்றன. பின்னர் இரத்த நீரில் உள்ள உறைகாரணிகள் என்னும் புரதங்கள், ஒன்று மற்றொன்றைத் தூண்ட, சங்கிலிபோல் செயற்படுகின்றன. இச்சங்கிலியின் முடிவில் திராம்பின் என்னும் பொருள் தோன்றி, இரத்தத்தில் கரைந்திருக்கும் பைப்ரினோஜனைப் பைப்ரின் என்னும் நூலிழைகளாக மாற்றுகிறது. இந்த இழைகள் வலைபோல் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. இதுவே நாம் காணும் உறைவு.

மருத்துவ நூல்கள் உறைகாரணிகளுக்கு ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணிட்டுள்ளன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறாம் எண் முதலில் ஒரு பொருளுக்குத் தரப்பட்டுப் பின்னர் தேவையற்றது என நீக்கப்பட்டதால், பட்டியலில் இப்போது ஆறாவது கிடையாது. எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா ‘ஏ’, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா ‘பி’ என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம்.

பதின்மூன்றாவது காரணியின் வேலை கடைசி வேலை. வலை பின்னப்பட்ட பிறகு, இழைக்கும் இழைக்கும் இடையே முடிச்சிட்டு இறுக்குவது அது. அதுவே சாந்து. மேலும், உறைவை முன்கூட்டியே கரைத்துவிடக்கூடிய பொருள்களிலிருந்து உறைவைக் காக்கும் ஒரு புரதத்தையும் அது வலையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. இது இல்லாதவருக்கும் இரத்தம் உறையும். குறித்த நேரத்திலேயே உறையும். ஆனால் அந்த உறைவு சாந்தில்லாச் சுவர். சில மணி நேரத்திலோ மறுநாளோ அது கரைந்து, இரத்தம் மீண்டும் பெருகும்.

உறைவை உறுதிப்படுத்தும் இப்படியொரு பொருள் இரத்தத்தில் உண்டு என்பதை 1948-இல் லாக்கி, லோராண்ட் என்னும் அறிஞர்கள் விளக்கினர். அது இல்லாமற் போனால் மனிதருக்கு நேருவது என்ன என்பது 1960-இல்தான் தெரிய வந்தது. ஸ்விட்சர்லாந்து நாட்டுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தப்போக்கும் ஆறாத புண்களும் இருப்பதைக் கண்டு, டக்கர்ட் என்பவரும் அவர் தோழர்களும் இந்நோயை முதன்முதலாக மருத்துவ உலகிற்கு அறிவித்தனர்.

அறிகுறிகள் யாவை?

பிறவியிலேயே இக்குறை கடுமையாக உள்ளவர்கள் உலகில் 20 முதல் 30 இலட்சம் பேருக்கு ஒருவர் என்று கணக்கிடுகின்றனர். அரிய நோய்தான். எனினும் அறிகுறிகள் தெளிவானவை.

முதலாவது, தொப்புள்கொடி இரத்தக்கசிவு. கடுமையான குறையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேருக்கு இதுவே முதல் எச்சரிக்கை. கொடி விழும்போதோ, விழுந்த சில நாள்களிலோ கசிவு தொடங்கி, விட்டுவிட்டு நீடிக்கும்.

இரண்டாவது, தாமதமான இரத்தப்போக்கு. பல் பிடுங்கிய அன்று ஒன்றும் இராது. வீட்டுக்கு வந்து உறங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். காதுகுத்து, சுன்னத்து, சிறு அறுவை, விளையாட்டில் பட்ட அடி ஆகிய எல்லாவற்றிலும் இதே கதை. அன்று நின்று, மறுநாள் பெருகும் இரத்தம் இந்நோயின் தனி முத்திரை எனலாம். தசைக்குள் இரத்தம் கட்டிப் பெரிய வீக்கங்கள் தோன்றுவதும் உண்டு. ஹீமோபிலியாவில் போல மூட்டுகளுக்குள் இரத்தம் கசிவது இதில் குறைவு.

மூன்றாவது, புண்கள் எளிதில் ஆறாமை. ஆறினாலும் தழும்பு அழகாக அமையாது.

நான்காவதும் மிகக் கொடியதும் மூளைக்குள் இரத்தம் கசிதல். கடுமையான குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கு இது நேருகிறது. வேறு எந்த இரத்த உறைவுக் குறைவிலும் இவ்வளவு மிகுதியாக இது காணப்படுவதில்லை. சிறிய விழுதலுக்குப் பின்னும் வரலாம். அடியே படாமலும் வரலாம். ஓயாத தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு, கைக்குழந்தையாயின் வீறிட்டழுதலும் பால் மறுத்தலும் இதன் குறிகள். நாம் மேலே எண்ணிப் பார்த்த வீட்டில் முதற்குழந்தையைக் கொண்டுபோனது இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்தாவது, பெண்களுக்குரியது. மாதவிலக்கில் மிகுந்த போக்கும், கரு உருவான சில வாரங்களிலேயே திரும்பத் திரும்பக் கருச்சிதைவும் நேரும். நச்சுக்கொடி கருப்பையில் உறுதியாகப் பற்றுவதற்கும் இந்தச் சாந்து தேவைப்படுகிறது என்பதே காரணம். ‘வயிறு தங்காதவள்’ என்று ஊரார் இகழும் பெண்களுள் ஒருத்திக்கேனும் உண்மைக் காரணம் இதுவாக இருந்தால், அவ்விகழ்ச்சி எத்தனை கொடுமையானது!

சோதனையில் தப்பும் நோய்

இரத்தப்போக்கு என்று மருத்துவமனைக்குச் சென்றால் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் சில உண்டு. தட்டணுக்களின் எண்ணிக்கை, இரத்தக்கசிவு நேரம், உறைவு நேரம் முதலியன அவை. இவற்றுள் பல, இரத்தம் உறையத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதையே அளக்கின்றன. உறைந்தது உறுதியாக நிற்குமா என்பதை இவை அளப்பதில்லை. ஆகவே பதின்மூன்றாவது காரணி அறவே இல்லாத குழந்தைக்கும் இச்சோதனைகள் எல்லாம் சரியாகவே இருக்கும். மருத்துவர் பொய் சொல்லவில்லை, சோதனையும் பிழையில்லை, கேட்ட கேள்விதான் வேறு.

கேட்க வேண்டிய கேள்விக்குரிய சோதனை எளிமையானது. நோயாளியின் இரத்த நீரை உறையச் செய்து, அந்த உறைவை யூரியாக் கரைசலில் போட்டு வைப்பார்கள். நலமுள்ளவரின் உறைவு 24 மணி நேரம் ஆனாலும் கரையாது. இக்குறை கடுமையாக உள்ளவரின் உறைவோ சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கரைந்து மறையும். மிகவும் கடுமையான குறையை மட்டுமே இச்சோதனை காட்டும் என்பதால், காரணியின் அளவைத் துல்லியமாக அறியும் வேறு சோதனைகளும் பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்யப்படுகின்றன. இந்திய நோயாளிகளிடம் இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றங்களை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறையினர் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொடியில் இரத்தம் கசியும் குழந்தைகளுக்கெல்லாம் இந்நோய் என்று எண்ணிவிடக்கூடாது. வைட்டமின் ‘கே’ குறைவினாலும் பிறந்த குழந்தைக்கு இரத்தப்போக்கு வரும். அது இதைவிட மிகுதி. பிறந்தவுடன் போடப்படும் ஒரு வைட்டமின் ‘கே’ ஊசி அதனைத் தடுத்துவிடும். கொடியில் கிருமி தொற்றினாலும் கசிவு ஏற்படலாம். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. “கசிவு நின்று நின்று வருகிறது, முன்னொரு குழந்தை இப்படி இறந்தது, நாங்கள் உறவில் மணந்தவர்கள்” என்ற மூன்று செய்திகளை மறைக்காமல் அவரிடம் சொல்வது பெற்றோரின் கடமை. பல நேரங்களில் நோயைக் கண்டுபிடிப்பது சோதனைக் குழாய் அன்று, இந்த மூன்று வாக்கியங்களே.

இருவரும் சுமந்தது

இந்நோய் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு மனிதனுக்கும் மரபணுக்கள் இரட்டை இரட்டையாக உள்ளன; ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. பதின்மூன்றாவது காரணியை உண்டாக்கும் மரபணுவில் ஒன்று பழுதாகி, மற்றது நன்றாக இருந்தால், அவருக்குப் பொதுவாகத் துன்பம் எதுவும் இராது. அவர் பழுதை மறைவாகச் சுமப்பவர். தாம் சுமப்பதையே அறியமாட்டார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெற்றோரைப்போல் மறைவாகச் சுமக்க நான்கில் இரண்டு. பழுதே இன்றிப் பிறக்க நான்கில் ஒன்று. ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண்மக்களையே தாக்கும். இதுவோ ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. முதுமையில் சிலருக்கு, உடலே இக்காரணிக்கு எதிர்ப்பொருளை உண்டாக்குவதால் இக்குறை தோன்றுவதும் மிக அரிதாக உண்டு.

இப்போது உறவுத் திருமணத்திற்கு வருவோம். ஒருவர் இப்பழுதைச் சுமப்பவர் என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத ஒருவரை அவர் மணந்தால், அவரும் அதே பழுதைச் சுமப்பவராக இருக்க ஏறத்தாழ 700-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் எட்டில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று! அரிய நோய் உறவுக்குள் எவ்வாறு பெருகுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. ஈரான் நாட்டின் தென்கிழக்கில் சிஸ்தான் பலுசிஸ்தான் என்னும் மாநிலம் உள்ளது. உறவில் மணம் புரிவது அங்கு நெடுங்கால வழக்கம். உலகில் இந்நோயாளர் மிகுதியாகக் காணப்படும் இடம் அதுவே.

நம் பக்கம் மட்டும் வேறா? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பெண்கள் உறவினரை மணந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 11 மட்டுமே. மேற்கே மலைத்தொடர், கிழக்கே மேகமலை என இரு பக்கமும் சூழ்ந்த நம் பள்ளத்தாக்கிலும் ‘முறை’ என்ற சொல்லுக்கு உள்ள வலிமையை நாம் அறிவோம். முறைப்பெண் இருக்க வெளியே பெண் எடுப்பதா? நஞ்சையும் தோப்பும் அயலார் கைக்குப் போவதா? பெற்ற பெண் கண்ணெதிரே வாழட்டுமே! இந்த எண்ணங்களில் அன்பும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. அவற்றை நாம் ஏளனம் செய்யவில்லை. உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரத்தப்போக்கினால் ஒரு குழந்தையை இழந்த குடும்பத்தில் மீண்டும் உறவுக்குள்ளேயே மணம் பேசுவது, ஆழம் தெரிந்த கிணற்றில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதாகும்.

நம் திருச்சபையின் சட்டமும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பக்கவழி இரத்த உறவில் நான்காம் படிநிலை வரை திருமணத்திற்குத் தடை என்கிறது. அத்தை மகள், மாமன் மகள் நான்காம் படி. அக்காள் மகள் மூன்றாம் படி. ஆயரின் விலக்கு பெற்றே இத்தகைய திருமணங்கள் நிறைவேறுகின்றன. விலக்குக் கேட்டு மனு எழுதும்போது, அதனை ஒரு சடங்குத்தாளாகக் கருதிக் கையெழுத்திடாமல், நம் குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் உண்டா, நிற்காத இரத்தப்போக்கு உண்டா என்று பெரியவர்கள் ஒருமுறை அமர்ந்து பேசலாம் அல்லவா? ஓலை வாசிக்கும் முன்பே பேச வேண்டிய பேச்சு இது.

மருந்து உண்டா?

உண்டு, அதுவே இந்நோயில் நமக்குள்ள பெரிய ஆறுதல். எட்டாவது காரணி உடலில் ஏற்றிய பின் அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும். பதின்மூன்றாவது காரணியோ பாதியாகக் குறைய 9 முதல் 14 நாள்கள் வரை ஆகிறது. மேலும், சிறிதளவு இருந்தாலே பெரும் இரத்தப்போக்கைத் தடுக்க அது போதும். ஆகவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இதனை ஏற்றிக்கொண்டால், குழந்தை பிறரைப்போல் ஓடி ஆடலாம், பள்ளி செல்லலாம். கருவுற்ற பெண்ணுக்குத் தொடக்கத்திலிருந்தே முறையாக ஏற்றினால், கரு தங்கி நிறைமாதத்தில் பிள்ளை பெறலாம்.

இக்காரணியை மட்டும் தனியே பிரித்துச் செய்த மருந்து விலை மிகுந்தது. நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கிரையோபிரசிபிடேட் என்னும் பொருளில் இது உள்ளது. தானமாகப் பெற்ற இரத்தத்தின் நீரை உறையவைத்து, மெல்ல இளக்கும்போது அடியில் படியும் வண்டல் இது. 1964-இல் ஜூடித் பூல் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் கண்டறிந்த முறை. இரத்தத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதியுள்ள இரத்த வங்கிகளில் இதனைத் தயாரிக்க இயலும். எங்கோ ஓர் இளைஞர் கொடுத்த இரத்தத்தின் ஒரு துளி வண்டல், அறிமுகமில்லாத ஒரு குழந்தையின் மூளையைக் காக்கிறது. இரத்ததானத்தின் பொருளை இதைவிட விளக்க முடியுமா?

வீட்டார் கவனத்திற்கு

இந்நோய் உறுதியான குழந்தைக்கோ, ஐயமுள்ள குழந்தைக்கோ மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. தசையில் போடும் ஊசிகளுக்கு முன்னும், தடுப்பூசிக்கு முன்னும், பல் பிடுங்கும் முன்னும், காது குத்தும் முன்னும் நோயைச் சொல்லிவிட வேண்டும். வெளிக்காயமாயின் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டது என்று மறந்துவிடாமல் மறுநாளும் கவனிக்க வேண்டும். தலையில் அடிபட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திருத்தல் கூடாது. கூடலூரிலிருந்தும் மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது நலம். வளர்ந்த பிள்ளை திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடிக்கவோ, ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பேறி மலைமேல் வேலைக்குச் செல்லவோ நேர்ந்தால், நோயின் பெயரும் இரத்த வகையும் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் காலந்தாழ்த்தாமல் சோதனை செய்யுமாறு மகப்பேற்று மருத்துவரிடம் முன்பே கூறிவைக்க வேண்டும்.

மீண்டும் அந்த வீட்டிற்குச் செல்வோம். இரண்டாவது குழந்தை இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. துணியில் இரத்தக் கறை. பேத்தியின் ராசியைக் குறைகூறும் அம்மாச்சிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே பழுதைச் சுமக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது: அம்மாச்சியிடமிருந்தோ, அவர் கணவரிடமிருந்தோ. அவர்களும் அதனை வேண்டிப் பெறவில்லை. அவர்களுக்கு முன்னோர் தந்தது. குற்றவாளி என்று சுட்டிக்காட்ட அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்த மூன்று வாக்கியங்களையும் மருத்துவரிடம் சொல்ல, அம்மாச்சியே பேத்தியோடு முதல் பேருந்தில் புறப்படட்டும். அந்தக் குழந்தை பிழைக்கும்.